சைக்கிள் மிதித்தால் கலோரி எங்கே போகிறது?

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் பக்கத்து வீட்டு நண்பரும் உடுமலையிலிருந்து பொள்ளாச்சி சாலையில் மேற்கே பார்த்து மிதித்தோம். என்னுடையது அப்பா விட்டுப்போன கருப்பு வண்டி. கம்பி பிரேக், அகலமான கேரியர், கியர் கிடையாது. அவருடையது இருபத்தொரு கியர் சைக்கிள். போதாததற்கு மணிக்கட்டில் நாடித்துடிப்பை எண்ணும் கடிகாரம். 7 கிலோமீட்டர் போக அரை மணி நேரம் ஆனது. டீக்கடையில் இறங்கியதும் அவர் கடிகாரத்தைக் காட்டினார்: 410 கலோரி. என் போனில் இருந்த செயலி எனக்குக் கொடுத்தது 140.

“மூன்று வடை எனக்கு, ஒரு வடை உங்களுக்கு” என்றார் நண்பர்.

எண்ணெய்ச் சட்டியிலிருந்து கரண்டியை எடுக்காமலேயே கடைக்காரர் கேட்டார்: “பழைய வண்டியை மிதித்தவர் இவர். இவருக்குத்தானே அண்ணா அதிகம் எரிந்திருக்க வேண்டும்?”

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. சைக்கிளையும் கலோரியையும் பற்றி ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். கியர் வண்டியில் கொழுப்பு கரையாது, வியர்த்தால்தான் பலன், அரை மணி நேரத்துக்கு ஐந்நூறு கலோரி என்று இவை நீளும். ஒவ்வொன்றிலும் அரைக்கால் பங்கு உண்மை உண்டு. மீதிதான் சிக்கல்.

கலோரி என்றால் என்ன?

அடுப்பில் வைத்த தண்ணீரிலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே ஒரு கிலோகலோரி. பிஸ்கட் உறையிலும் கடிகாரத்திலும் நாம் “கலோரி” என்று படிப்பது உண்மையில் இந்தக் கிலோகலோரியைத்தான். வழக்கத்தில் “கிலோ” உதிர்ந்துவிட்டது. இங்கும் கலோரி என்றே எழுதுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சற்றுத் திகைப்பாக இருக்கும். 100 மில்லி தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சுடவைக்க 5 கலோரி போதும். அந்த டீயில் போடும் 10 கிராம் சர்க்கரைக்குள் இருப்பதோ 40 கலோரி. ஒரு டம்ளர் டீயில் கரைந்த சர்க்கரை, எட்டு டம்ளர் தண்ணீரைச் சுடவைக்கும் நெருப்பு. உணவில் எவ்வளவு ஆற்றல் திணித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

உடலும் ஒருவகை அடுப்பு என்பதைச் சும்மா உவமையாகச் சொல்லவில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், 1890களில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் மனிதன் உள்ளே தங்கக்கூடிய ஓர் அறையையே கட்டினார். உள்ளிருப்பவர் விடும் மூச்சையும் உடல் வெளியிடும் வெப்பத்தையும் அந்த அறை அளந்தது. உழைக்கும் உடலை அளக்க உள்ளே என்ன வைத்தார்கள் தெரியுமா? நகராத சைக்கிள் ஒன்றை. கலோரிக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது

நாம் சாப்பிட்டது அத்தனையும் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் பெடலைச் சேர்கிறது. இந்த விகிதத்துக்குச் செயல்திறன் என்று பெயர். மீதி முழுவதும் வெப்பம். நூறு ரூபாய் சம்பளத்தில் எழுபத்தைந்து ரூபாய் வீட்டுக்கு வரும் வழியிலேயே செலவாகிவிடுவது போல.

அந்த வெப்பத்தை வெளியே தள்ளும் ஏற்பாடுதான் வியர்வை. எனவே வியர்வையை வைத்துக் கலோரியை அளப்பது தவறு. கடலோர ஊரில், காற்றில் ஈரம் நிறைந்த நாளில், வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சட்டை நனைகிறது, உடல் குளிர்வதில்லை. அதே வேலையை மார்கழிக் காலையில் செய்தால் நெற்றிகூட ஈரமாகாது. செலவான கலோரியில் பெரிய மாற்றம் இருக்காது. பிளாஸ்டிக் உறை போன்ற சட்டையைப் போட்டுக்கொண்டு மிதிப்பவர்கள் இழப்பது தண்ணீரை. ஒரு சொம்பு குடித்தால் அது திரும்பிவிடும்.

பெடலைச் சேரும் ஆற்றலை ஜூல் என்ற அலகில் அளப்பார்கள். ஆயிரம் ஜூல் ஒரு கிலோஜூல். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் வீதம் வேலை நடந்தால் அது ஒரு வாட். வீட்டு பல்பில் எழுதியிருக்கும் அதே வாட்தான். இங்கே ஒரு வசதியான தற்செயல் இருக்கிறது. ஒரு கலோரி என்பது 4.184 கிலோஜூல். உடலோ பெடலுக்கு ஒன்று கொடுக்க ஏறக்குறைய நான்கு செலவழிக்கிறது. இரண்டு நான்கும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், பெடலில் 100 கிலோஜூல் வேலை நடந்தால் உடலில் சுமார் 100 கலோரி, சற்றுக் கூடுதலாகவே, எரிந்திருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பெடலில் நடந்த வேலை தெரிந்தால் எரிந்த கலோரியும் தெரியும். பெடலில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை முடிவு செய்வது நம்மை எது எதிர்க்கிறது என்பதே.

நம்மை எதிர்ப்பவை: தரை, காற்று, மேடு

காற்று குறைந்த டயர் தரையில் பதிந்து நசுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நன்றாகக் காற்றடித்த டயரும் கண்ணுக்குத் தெரியாத அளவில் நசுங்கி, மீண்டு, மறுபடி நசுங்கியே உருள்கிறது. அந்த நசுக்கலில் வீணாகும் ஆற்றலை உருள்தடை என்போம். எடை கூடினால் அதுவும் கூடும். அதன் விசை வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை.

காற்றுத்தடையின் குணம் வேறு. நாம் போகும் வழியிலுள்ள காற்றை விலக்கித் தள்ள வேண்டிய வேலை அது. வேகம் இரண்டு மடங்கானால் காற்று தடுக்கும் விசை நான்கு மடங்காகும். அந்த விசையை இரண்டு மடங்கு வேகத்தில் எதிர்கொள்ள வேண்டியிருப்பதால், நொடிக்கு நொடி ஆகும் செலவு எட்டு மடங்கு.

என் எடை 70 கிலோ, வண்டி 20 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றில்லாத சமதளச் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், தோராயமாகத் தரைக்கு 30 வாட், காற்றுக்கு 25 வாட், ஆக 55 வாட் ஆகும். 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மொத்தம் 100 வாட். 30 கிலோமீட்டர் வேகத்துக்கு 265 வாட். அதில் 200க்கும் மேல் காற்று மட்டும். பதினைந்திலிருந்து முப்பதுக்கு வேகம் இரண்டே மடங்குதான், உழைப்போ கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. என் போன்ற சாதாரண ஆளால் 265 வாட்டைச் சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் சும்மா இல்லை; பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று அது. அன்று காலை எதிர்க்காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான் 14 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தாலும், நெஞ்சில் மோதும் காற்று 29 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறது. கணக்குப் பார்த்தால் 120 வாட் வருகிறது. அரை மணி நேரத்துக்குச் சுமார் 215 கிலோஜூல். அதாவது 220 கலோரி அளவுக்கு எரிந்திருக்கும்.

செயலி ஏன் 140 என்றது? அதற்குத் தெரிந்தது என் எடையும் வேகமும் மட்டுமே. வேகம் குறைவு என்பதால், நான் ஊர்வலம் போவதாக நினைத்துவிட்டது. திரும்பும்போது நடந்தது இன்னும் வேடிக்கை. காற்று முதுகில். ஏறி உட்கார்ந்தால் வண்டி தானாகப் போவது போல 21 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடத்தில் வீடு வந்துவிட்டேன். உழைப்பு 50 வாட்டுக்கும் குறைவு. எரிந்தது அறுபது, அறுபத்தைந்து கலோரி இருக்கலாம். செயலியோ வேகத்தைப் பார்த்து மெச்சி 187 கொடுத்தது! உயிரைக் கொடுத்து மிதித்த வழிக்குக் குறைவு, காற்று தள்ளிவிட்ட வழிக்கு அதிகம். இரண்டு பிழைகளும் எதிரெதிராகப் போனதால் மொத்தக் கணக்கு மட்டும் ஓரளவு ஒட்டி வந்தது.

மேட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நானும் வண்டியுமாக 90 கிலோ 100 மீட்டர் உயரம் ஏறினால், அந்தத் தூக்குதலுக்கு மட்டும் 88 கிலோஜூல், அதாவது தொண்ணூறு கலோரி போல ஆகும். வேகமாக ஏறினாலும் மெதுவாக ஏறினாலும் இது மாறாது.

கியர் எதையும் மிச்சம் பிடிப்பதில்லை

மக்கள் அதிகமாகக் குழம்புவது இங்கேதான். கியர் போட்டால் பெடல் இலேசாகிறது, எனவே கலோரியும் குறைகிறது என்று தோன்றும். கிணற்றடிக்குப் போவோம். தொட்டியை நிரப்ப வேண்டும். பெரிய வாளியில் பத்து முறை இறைக்கலாம், சின்ன வாளியில் இருபது முறை இறைக்கலாம். சின்ன வாளியில் ஒவ்வொரு இழுப்பும் இலேசு, ஆனால் இழுப்புகள் அதிகம். தொட்டிக்கு வந்த தண்ணீர் ஒன்றுதான்.

சைக்கிளிலும் அப்படியே. முன்னால் பெடலோடு இருக்கும் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்சக்கரத்துப் பிரீவீலில் 18 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டரை முறைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர் என்பதால், வண்டி 5.4 மீட்டர் நகரும். முன்னும் பின்னும் 28 பற்கள் வரும்படி கியரை மாற்றினால், ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர்தான் நகரும். மிதி இலேசு, சுற்று அதிகம். அந்த மேட்டை ஏற ஆகும் வேலை அணுவளவும் குறைவதில்லை.

பிறகு கியர் எதற்கு? முழங்காலுக்கு. என் வண்டியில் மேடு வந்தால் எழுந்து நின்று முழு எடையையும் பெடலில் போட்டு மிதிக்க வேண்டும், அல்லது இறங்கித் தள்ள வேண்டும். நண்பர் உட்கார்ந்தபடியே கால்களைச் சுழற்றிக்கொண்டு போவார். அவருக்கு மூச்சு வாங்கும், எனக்குத் தொடை எரியும். தொடை எரிகிறது என்பதற்காகக் கலோரியும் அதிகம் எரிகிறது என்று நினைத்துவிடக் கூடாது. வலி வேறு, வேலை வேறு.

மறுபடி ஒருமுறை: தரை, காற்று, மேடு மூன்றும் சேர்ந்து வேலையின் அளவை முடிவு செய்கின்றன. கியர் அந்த வேலையைச் சின்ன வாளிகளாகப் பிரித்துத் தருகிறது.

வண்டியில் எது முக்கியம், எது வீண் செலவு

சைக்கிள் என்பதே கலோரியைச் சேமிக்கப் பிறந்த பொருள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 5 கிலோமீட்டரை நான் நடந்து போனால் ஒரு மணி நேரம், சுமார் 245 கலோரி. நிதானமாக மிதித்துப் போனால் 20 நிமிடம், 90 கலோரிகூட இருக்காது. தூரத்தை வைத்துப் பார்த்தால் நடைதான் அதிகம் எரிக்கும். வண்டி எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறதோ, கிலோமீட்டருக்கு அவ்வளவு குறைவாக எரியும். உடல் இளைக்க விலையுயர்ந்த சைக்கிள் வாங்குகிறவர், கணக்குப்படி, எரிப்பதைக் குறைக்கத்தான் பணம் கொடுக்கிறார்.

எடையைப் பாருங்கள். 20 கிலோ வண்டிக்குப் பதில் 12 கிலோ வண்டி. சமதளத்தில் 10 கிலோமீட்டர் போனால் மிச்சமாவது ஆறேழு கலோரி. 100 மீட்டர் மேடு ஏறினால் எட்டு. அரைக் கரண்டி சர்க்கரைக்கும் குறைவு. எடை குறைந்த வண்டியை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போவது சுலபம் என்பது உண்மை. அந்த எட்டுக் கிலோவில் பெரிய மாயம் ஏதும் கிடையாது.

டயர் காற்றின் கதை நேர்மாறு. பாதிக் காற்றில் ஓட்டினால் உருள்தடை இரண்டு மடங்காகக்கூட ஆகலாம். 15 கிலோமீட்டர் வேகத்தில் 55 வாட் ஆன வேலை 85 வாட் ஆகிவிடும். வண்டியை மாற்றி, எடையைக் குறைத்து நாம் தேடிய மிச்சத்தையெல்லாம் ஒரு பழுதான வால்வு விழுங்கிவிடும். எங்கள் தெருமுனை சைக்கிள் கடையில் காற்றடித்து முடித்ததும் கடைக்காரர் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைப்பார். குமிழி வந்தால் உள்ளேயிருக்கும் ரப்பர்க் குழாய் மாற வேண்டும். இவ்வளவு மலிவான, இவ்வளவு சரியான சோதனையை வேறெங்கும் பார்த்ததில்லை. (அதிகக் கலோரி எரிக்கலாமே என்று காற்றை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டாம். ட்யூப் கிழியும், பள்ளத்தில் ரிம் அடிவாங்கும்.)

துருப்பிடித்த செயினில் சத்தம் அதிகம், இழப்பு குறைவு. 55 வாட்டில் ஐந்தாறு வாட் போனால் பெரிது. ஆனால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் அது பிசினாகி, தெருப்புழுதியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டு, துணியால் துடைத்தால் போதும். அதைவிட முக்கியம், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவது. என் வண்டியில் அப்படிச் சுற்றியபோது மூன்றே சுற்றில் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், பிரேக் கட்டை ஒரு பக்கம் ரிம்மை உரசிக்கொண்டிருக்கிறது. சக்கரத்தில் கோட்டம். எத்தனை மாதமாக அந்த உரசலுக்கு வாடகை கட்டினேனோ!

பழைய டைனமோவை நினைவிருக்கிறதா? இரவில் அதைச் சாய்த்து டயரில் உரசவிட்டதும் வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல கனக்கும். பல்புக்குப் போவது 3 வாட்தான். உரசலுக்கும் சேர்த்து நம்மிடம் அது பிடுங்குவது இரண்டு மடங்குக்கும் மேல். வாட் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல கருவி இல்லை. கால் தசையிலேயே புரிந்துவிடும்.

சீட் உயரம் பணம் செலவில்லாத விஷயம். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறத்தாழ நீண்டு, முழங்காலில் இலேசான மடிப்பு மட்டும் மிஞ்ச வேண்டும். தரையில் முழுப் பாதமும் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி ஓட்டுபவர்களுக்கு முழங்கால் வலி சீக்கிரம் வரும்.

கடிகாரம் எண்ணை எங்கிருந்து எடுக்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் எரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு கலோரி. இதை ஒரு மெட் என்று வைத்து, மற்ற வேலைகள் இதைப்போல் எத்தனை மடங்கு என்று ஆய்வாளர்கள் 1993இல் ஒரு பெரிய பட்டியல் வெளியிட்டார்கள். பிறகு சிலமுறை திருத்தவும் செய்தார்கள். மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் குறைவான நிதான சைக்கிள் 4 மெட். இருபதைத் தாண்டினால் 8 மெட். 70 கிலோ, 4 மெட், அரை மணி: பெருக்கினால் 140. என் செயலியின் ரகசியம் அவ்வளவுதான். அந்த 140இல் 35, நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் எரிந்திருக்கும் என்பதை எந்தச் செயலியும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடிகாரம் நாடித்துடிப்பை வைத்து ஊகிக்கிறது. துடிப்பை எண்ணுவதில் அது கெட்டி. துடிப்பிலிருந்து கலோரிக்குத் தாவும்போதுதான் வழுக்குகிறது. வெயில், தூக்கமின்மை, காபி, சாலையில் துரத்திய நாய், எல்லாம் துடிப்பை ஏற்றும், வேலையை ஏற்றாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2017இல் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் மிகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது தவறியது 93 சதவீதம்.

உடற்பயிற்சிக் கூடத்துச் சைக்கிளின் திரையில் தெரியும் எண், எடையைக் கேட்காமலேயே வந்தால், அது யாரோ ஒருவருடைய கலோரி. சில இயந்திரங்கள் பெடலின் வாட்டையே அளந்து காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பலாம்.

நண்பரின் கடிகாரம் காட்டிய 410க்குத் திரும்புவோம். வடை ஒன்று, அளவையும் குடித்த எண்ணெயையும் பொறுத்து, நூறு கலோரியைத் தாண்டும். மூன்று வடை என்றால் முந்நூறுக்கு மேல். உடல் கொழுப்பு ஒரு கிலோ குறைய 7,700 கலோரி அளவுக்குப் பற்றாக்குறை வேண்டும். தினமும் சைக்கிளில் கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்வந்து நூறு நூற்றைம்பது கலோரி எரிப்பவர், வடையில் கை வைக்காமல் இருந்தால், இரண்டு மாதத்தில் அந்த இடத்தை நெருங்கலாம். எந்தக் கியரில் போனார் என்பதை இடுப்பு கேட்காது.

டீக்கடைக்காரரின் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். எனக்குத்தான் அதிகம் எரிந்தது. வண்டி பழசு என்பது அதற்குச் சிறிய காரணம். பெரிய காரணம் வேறு. 7 கிலோமீட்டரும் நண்பர் என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ இடைவெளியில் ஒட்டிக்கொண்டே வந்தார். ஆடிக்காற்றை நான் கிழித்துக் கொடுத்த பாதையில் அவர் நுழைந்து வந்தார். முன்னால் போகிறவரின் மறைவில் வருபவருக்குக் காற்றுத்தடையில் கணிசமான பங்கு மிச்சம்.

அடுத்த ஞாயிறு அவரை முன்னால் விட்டேன். பாதி வழியில் நிறுத்தி, காற்றடிக்க வேண்டும் போலிருக்கிறது என்று டயரை அழுத்திப் பார்த்தார். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.